நாங்கள் நம்ப மறுத்த எண்

திங்கட்கிழமை காலை லேப்பில் புதுக் கருவி வந்து இறங்கியது. அட்டைப்பெட்டியைப் பிரித்ததும் தெர்மோகோலும் புதுப் பிளாஸ்டிக்கும் கலந்த வாசனை அறை முழுக்கப் பரவியது. மற்றவர்கள் கருவியைச் சுற்றி நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் ரத்தம் எடுக்கும் நாற்காலியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதில் நீ உட்கார்ந்து, புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, கையை நீட்டி, "சீக்கிரம் எடுடி, ஒம்பது மணிக்குக் கூட்டம் வந்துரும்" என்று சொல்வதுபோல இருந்தது.

ஏழு வருஷத்துக்கு முன்பும் இதே வாசனைதான். அன்று வந்தது நம் லேப்பின் முதல் பெரிய கருவி. இதயம் சிரமப்படுகிறதா என்பதை ரத்தத்திலிருந்தே சொல்லிவிடும் ப்ரோ-பிஎன்பி பரிசோதனையை அதுவரை சென்னைக்கு அனுப்பிக்கொண்டிருந்தோம். இனிமேல் தில்லைநகரிலேயே செய்யலாம் என்று உனக்கு அப்படி ஒரு பெருமை. கருவியைப் பொருத்த வந்த இன்ஜினியர், நரைத்த மீசைக்காரர், வயர்களை மாட்டிவிட்டு நிமிர்ந்து, "நார்மல் பத்துப் பேர் வேணும் மேடம்" என்றார்.

லேப்பில் வேலை செய்யாதவர்களுக்கு இது விளங்காது. புதுப் பரிசோதனை வந்தால், நோய் எதுவும் இல்லாதவர்களின் ரத்தத்தை முதலில் ஓட்டிப் பார்த்து, கருவி சரியாகச் சொல்கிறதா என்று உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். நோயில்லாதவர்களுக்கு ஆஸ்பத்திரியில் எங்கே போவது? அதனால் எல்லா லேப்பிலும் வழக்கம் ஒன்றுதான். வேலை செய்பவர்களே கையை நீட்டிவிடுவார்கள். நாம்தான் நார்மல். நமக்கு எதுவும் இல்லை என்று நாமே முடிவு செய்துகொண்டு உட்காருவோம்.

"என் ரத்தத்த மொதல்ல எடு. ஏகாதசிக்கு ஏகாதசி பட்டினி போட்டுக் கழுவி வெச்ச ரத்தம். உன்னோடது மாதிரி கறிக்கொழம்பு ரத்தம் இல்ல" என்றாய்.

"ஆமாமா, கங்கா ஜலம். கைய மடக்கு" என்று நான் ஊசியைச் செருகினேன்.

ஒன்பது பேருக்கு எண் சரியாக வந்தது. உனக்கு மட்டும் இருக்க வேண்டியதைப் போலப் பல மடங்கு வந்தது. இன்ஜினியர் முகம் மாறியது. மறுபடியும் ஓட்டினார். கிட்டத்தட்ட அதே எண். கருவியைத் திருத்தி அளவீடு செய்து மூன்றாவது முறையும் ஓட்டினார். அதே எண். டியூபில் ரத்தம் உடைந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தோம். மேலே பிரிந்து நின்ற சீரம் தெளிவாக, வெளிர்மஞ்சளாக இருந்தது; ரத்தம் உடையவில்லை. நம் பேத்தாலஜி டாக்டரம்மா அன்று லீவு. அவர் இருந்திருந்தால், "மெஷின விடுங்க, மொதல்ல அந்த ஆளக் கூப்பிட்டுப் பாருங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருப்பார்.

நீ சிரித்தாய். "நான் தெனம் ரெண்டு மாடி ஏறி வரேன். மெஷினுக்குத்தான் மூச்சு வாங்குது" என்றாய். எல்லோரும் சிரித்தோம். நரைத்த மீசைக்காரரும் நிம்மதியாகச் சிரித்தார். உன் டியூபை ஓரம் வைத்துவிட்டு, பெருக்கித் துடைக்கும் செல்வி அக்காவைக் கூப்பிட்டு ரத்தம் எடுத்தோம். அவருக்குச் சரியாக வந்தது. பத்து பேர் கணக்கு முடிந்தது. பதிவேட்டில் உன் வரிசைக்கு நேராக, 'கருவிப் பிழை, விலக்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நான்தான் எழுதினேன். அந்த நீல மசி இன்னும் மங்கவில்லை.

உனக்கு மூச்சு வாங்கியதும் எனக்குத் தெரியும். இரண்டாவது மாடித் திருப்பத்தில் ஒவ்வொரு நாளும் நின்று, தலைமுடியை அவிழ்த்து மறுபடி முடிந்துகொள்வாய். "என்னடி, டல்லா இருக்க?" என்று கேட்டால், "நேத்து ஏகாதசிடி" என்பாய். நான் எடமலைப்பட்டி புதூர்க்காரி, ரயில்வே பட்டறையில் வேலை பார்த்தவரின் மகள். எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை தெரியும், ஏகாதசி தெரியாது. ஸ்ரீரங்கத்தில் உன் வீட்டில் அன்று பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டீர்கள் என்பது மட்டும் தெரியும். அதனால் நம்பினேன். நீ போன பிறகு ஒருநாள் காலண்டரைப் புரட்டியபோதுதான், ஏகாதசி மாதத்துக்கு இரண்டே முறைதான் வருகிறது என்று பார்த்தேன். நீ மாதத்துக்கு ஐந்தாறு முறை சொல்லியிருக்கிறாய்.

நீ பொய் சொன்னாய் என்று இப்போதும் நான் நினைக்கவில்லை. உன் உடம்பு அப்படித்தான் என்று நீயே நம்பிவிட்டாய். பிறந்ததிலிருந்தே அந்த இதயத்தோடு வாழ்ந்தவளுக்கு, மற்றவர்கள் எவ்வளவு சுலபமாக மாடி ஏறுகிறார்கள் என்று எப்படித் தெரியும்?

அதற்கு அடுத்த வருஷம் உப்பிலியபுரத்தில் ரத்தப் பரிசோதனை முகாம் போட்டார்கள். மத்தியானம் வரை நீ சிரித்துப் பேசிக்கொண்டு ஐம்பது பேருக்கு மேல் ரத்தம் எடுத்தாய். பெட்டிகளை வேனில் ஏற்றும்போது, "விஜி" என்று என்னைக் கூப்பிட்டாய். திரும்புவதற்குள் கீழே விழுந்திருந்தாய். மறுநாள் எக்கோ எடுக்கும் அறையில் உன் பக்கத்தில் நான் நின்றேன். இதய டாக்டர் திரையை நம் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"இங்க பாருங்க. இந்தப் பக்கம் தசை கெட்டியா, நல்லா இருக்கு. கீழ, இந்த இடது அறையில மட்டும் உள்பக்கம் பூரா ஸ்பாஞ்சு மாதிரி இருக்கா? அந்த இடுக்குக்குள்ளல்லாம் ரத்தம் போய்ட்டு போய்ட்டு வருது."

நீ கழுத்தை நீட்டிப் பார்த்தாய். "மைசூர்பாகு மாதிரி இருக்கு டாக்டர்" என்றாய்.

டாக்டர் சிரித்துவிட்டார். "இத்தன வருஷத்துல யாரும் இவ்வளவு சரியாச் சொன்னதில்லம்மா. இது பொறவியிலயே வர்றது. ரொம்ப அபூர்வம். நீங்க அம்மா வயித்துல இருக்கும்போதே இப்படித்தான் இருந்திருக்கும்."

அந்த வாரம் முழுக்க நான் படித்தேன். கருவில் இதயம் உருவாகும் முதல் வாரங்களில் எல்லோருடைய இதயத் தசையும் பஞ்சு போலத்தான் இருக்குமாம். இதயத்துக்கென்று தனி ரத்தக்குழாய்கள் அப்போது இன்னும் வந்திருக்காது. தசையின் இடுக்குகளுக்குள் ரத்தமே நேராகப் புகுந்து உணவு கொடுத்துவிட்டுப் போகும். பிறகு மெல்ல மெல்ல இடுக்குகள் மூடி, தசை நெருங்கிக் கெட்டிப்படும். சிலருக்கு அந்தக் கெட்டிப்படுதல் பாதியில் நின்றுவிடுகிறது என்கிறார்கள். ஏன் என்று முழுதாகத் தெரியவில்லை. அப்படித்தானா என்பதிலேயே இப்போது சிலருக்குச் சந்தேகம் இருக்கிறது. உன் உடம்பு முழுக்க வளர்ந்து, கல்யாணம் ஆகி, ஒரு பெண்ணைப் பெற்று, ஆயிரக்கணக்கானவர்களுக்கு வலிக்காமல் ஊசி போட்டது. இதயத்தின் ஒரு ஓரம் மட்டும் கருவில் இருந்த நாளிலேயே நின்றுவிட்டது. அந்த ஓரத்தையும் இழுத்துக்கொண்டு மற்ற தசை முப்பத்தெட்டு வருஷம் ஓயாமல் துடித்திருக்கிறது.

நாங்கள் விலக்கிவைத்த அந்த எண்ணைப் பற்றியும் அப்போதுதான் சரியாகப் படித்தேன். தினமும் அளந்துகொண்டிருந்த ஒன்று, அது என்ன என்று நான் யோசித்ததே இல்லை. இதயம் இழுபடும்போது அதன் தசைச் செல்களே ஒரு பொருளைச் செய்து ரத்தத்தில் விடுகின்றன. அது சிறுநீரகத்துக்குப் போய், உப்பையும் தண்ணீரையும் கொஞ்சம் வெளியே அனுப்பு, எனக்குச் சுமை தாங்கவில்லை என்று கேட்கிறது. ரத்தக்குழாய்களிடம் கொஞ்சம் தளர்ந்து கொடுக்கச் சொல்கிறது. பம்பு என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும் இதயம் இப்படி எழுதி அனுப்பவும் செய்கிறது! அந்தப் பொருள் உருவாகும்போது ஒரு துண்டு வெட்டுப்பட்டுத் தனியாகப் போய்விடும். அதற்கு வேலை எதுவும் இல்லை. கடிதத்தைப் பிரிக்கும்போது கீழே விழுமே உறையின் ஓரம், அது மாதிரி. கருவியில் நாம் அளப்பது அந்த ஓரத்தைத்தான்.

உன் இதயம் அத்தனை கடிதங்கள் எழுதியிருக்கிறது. உன் ரத்தம் முழுக்க உறை ஓரங்கள் கிடந்திருக்கின்றன. ஊரில் வேறு யாருக்கும் தெரியாதபோது, உனக்கே தெரியாதபோது, அது கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. நாங்கள் கையில் வாங்கி, மூன்று முறை படித்து, கருவிப் பிழை என்று எழுதினோம்.

ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோவுக்கு நின்றபோது நீயே பேச்சை எடுத்தாய்.

"அந்த மெஷின் ரிசல்ட் ஞாபகம் இருக்காடி?"

தலையை மட்டும் ஆட்டினேன்.

"கரெக்டாத்தான் சொல்லிருக்கு. பாவம், அதுக்கு நாம ஒரு சாரி கூடச் சொல்லல" என்றாய். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏய், அழுது தொலைக்காத. நான்தானடி மொதல்ல சிரிச்சேன்" என்றாய்.

இது பரம்பரையாகவும் வரலாம், பெண்ணுக்கும் எக்கோ பார்த்துவிட வேண்டும் என்று டாக்டர் அன்றே சொன்னார். நீ தள்ளிப்போட்டாய். "ரஞ்சனி பத்தாவது முடிக்கட்டும்டி" என்றாய். பத்தாவது முடிந்ததும் உன் வீட்டில், கல்யாணமாக வேண்டிய பெண், ஆஸ்பத்திரி சீட்டு எதற்கு என்றார்கள். மாத்திரைகளோடு நீ இரண்டு வருஷம் நன்றாகவே இருந்தாய். அதற்குப் பிறகு ஒரு பங்குனியில், இரண்டே நாளில், எல்லாம் முடிந்துவிட்டது. ரஞ்சனி பதினாறு வயதில் உன் மாத்திரை டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அதன்பிறகு பரிசோதனை என்ற பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுவாள். "தெரிஞ்சுண்டு என்ன பண்ணப்போறேன் ஆன்ட்டி? அம்மாவுக்குத் தெரிஞ்சுதே, என்ன ஆச்சு?" என்று ஒருமுறை கேட்டாள். அதற்குச் சரியான பதில் என்னிடம் இருந்தது. உன் அம்மாவுக்கு ஒரு வருஷத்துக்கு மேல் முன்னாடியே தெரிந்திருக்கும், நான் தடுத்துவிட்டேன் என்பதுதான் அது. அதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. நாலு வருஷம் ஓடிவிட்டது. அவளுக்கு இருபது ஆகப்போகிறது. போன மாதம் உன் கணவர் போனில் பேசும்போது, சாதாரணமாக, "கொஞ்ச நாளா மாடியேறி வந்தா உக்காந்துடறா. காலேஜுக்கு அலைச்சல் ஜாஸ்தி" என்றார். போனை வைத்த பிறகும் அந்த வார்த்தை என்னை விடவில்லை.

திங்கட்கிழமை புதுக் கருவியைப் பொருத்திய பெண், "நார்மல் சாம்பிள் யார்கிட்ட எடுக்கலாம் மேடம்?" என்று கேட்டாள். என் லேப் பிள்ளைகள் நாலைந்து பேர் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு சிரித்தபடி வந்தார்கள். நான் அவர்களை நிறுத்தி, ஒவ்வொருவரிடமும் மாடி ஏறினால் எப்படி இருக்கிறது, வீட்டில் யாருக்காவது என்ன இருக்கிறது என்று கேட்டு எழுதிக்கொண்டேன். "என்ன மேடம், ரத்தம் குடுக்கறதுக்கே இன்டர்வியூவா?" என்றார்கள். சாயங்காலம் வேலை முடிந்ததும் பஸ் பிடித்து ஸ்ரீரங்கம் போனேன்.

உன் கணவர்தான் கதவைத் திறந்தார். "வாங்கோ விஜி, என்ன திடீர்னு? உக்காருங்கோ, காபி போடறேன்" என்று உள்ளே போனார். ரஞ்சனி லேப்டாப்பை மூடிவிட்டு எதிரே உட்கார்ந்தாள். நான் பையிலிருந்து அந்தப் பழைய பதிவேட்டுப் பக்கத்தின் நகலை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். சுற்றி வளைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். மூன்று முறை ஓட்டியது, எல்லோரும் சிரித்தது, நான் எழுதியது எல்லாம்.

அவள் தாளை எடுத்து அந்த வரியைப் படித்தாள். "இது உங்க கையெழுத்தா?"

"ஆமா."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"கோவப்படலையா?"

"இல்ல. சிரிச்சா."

"எனக்குச் சிரிப்பு வரல ஆன்ட்டி" என்றாள்.

"வர வேண்டாம்மா. நான் மன்னிப்புக் கேக்கவும் வரல. தெரிஞ்சு என்ன பண்றதுன்னு கேட்டியே, அதுக்குப் பதில் இதுதான். முன்னாடியே தெரிஞ்சிருந்தா மாத்திரைய அப்பவே ஆரம்பிச்சிருப்பாங்க. இதயம் அவ்வளவு களைச்சுப் போயிருக்காது. எத்தன வருஷம் கூடக் கெடச்சிருக்கும்னு எனக்குத் தெரியாது. ஆனா கெடச்சிருக்கும்."

காபி டம்ளர்களோடு உன் கணவர் நடையில் நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார் என்று எனக்குத் தெரியாது. டம்ளரை என் முன்னால் வைத்துவிட்டு, பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்தார். ரஞ்சனி எழுந்து உள்ளே போய்விட்டாள். நான் காபியைக் குடிக்காமலே கிளம்பினேன். பஸ் காவிரிப் பாலத்தைத் தாண்டும்போது, உன் வீட்டுக்கு இனி நான் போக முடியாது என்றுதான் நினைத்தேன்.

புதன்கிழமை காலை எட்டு மணிக்கு அப்பாவும் பெண்ணும் லேப்புக்கு வந்தார்கள். மாடி ஏறி வந்த களைப்பில் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வரவேற்பில் இருந்த பெண் சிநேகமாக, "நார்மல் சாம்பிள் குடுக்க வந்தீங்களா? மேடம் சொந்தக்காரங்களா?" என்று கேட்டுவிட்டாள்.

"பேஷன்ட். அப்படியே எழுதுங்க" என்றாள் ரஞ்சனி. என்னைப் பார்க்காமலே நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினாள். "நீங்களே எடுங்க ஆன்ட்டி. என்ன நம்பர் வந்தாலும் மொதல்ல எனக்குச் சொல்லணும். அப்பாவுக்கு இல்ல, டாக்டருக்கு இல்ல. எனக்கு."

நரம்பை இரண்டு தடவை தொட்டுப் பார்த்த பிறகே ஊசியை வைத்தேன். இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் அப்படிச் செய்தது அன்றுதான்.

கருவி வேலை செய்த அந்த இருபது நிமிஷமும் நான் அதன் முன்னாலேயே நின்றேன். எண் வந்தது. இருக்க வேண்டிய அளவுக்குள்தான் இருந்தது. நான் சந்தோஷப்படவில்லை. நல்ல எண்ணையும் நான் சந்தேகப்படக் கற்றிருந்தேன். இன்னொரு முறை ஓட்டினேன். பிறகு வெளியே போய் அவளிடம் சொன்னேன். "அப்போ இல்லையா?" என்றாள். "இந்த எண் அத சொல்லாதும்மா. இதயம் இப்ப சிரமப்படலன்னு மட்டும் சொல்லுது. மீதிய எக்கோவுலதான் பாக்கணும்" என்றேன்.

அதே டாக்டர்தான். திரையை அவள் பக்கம் திருப்பினார். இதயத்தின் நுனியில், கொஞ்சமாக, பஞ்சு போல. அவள் பதறவில்லை. தலையைச் சாய்த்து, யாரோ தூரத்துச் சொந்தக்காரரை அடையாளம் காண்பதுபோலப் பார்த்தாள்.

"அம்மாவோடதும் இப்படித்தான் இருந்துதா டாக்டர்?"

"அம்மாவுக்கு இதவிட ரொம்ப அதிகம். உனக்கு லேசாத்தான் இருக்கு. இதயம் நல்லா வேலை செய்யுது. இப்படி இருக்கற எல்லாருக்கும் வியாதியா மாறணும்னு இல்ல. ஆனா விட்டுறக் கூடாது. வருஷா வருஷம் எக்கோ, நடுவுல ரத்தம். மாடியேறுனா களைப்புன்னியே, ரத்த ரிப்போர்ட்டுல ரத்தசோகைன்னு வந்திருக்கு, அதான். அதுக்கு மாத்திரை தரேன்."

"ரத்தத்துல பாத்தே இந்த வியாதின்னு சொல்ல முடியாதா?"

"இன்னும் முடியாது. சிரமம் இருக்கு இல்லன்னுதான் ரத்தம் சொல்லும். எதனாலன்னு பேர் சொல்லாது. அந்தப் பேரையும் அதுலயே படிச்சுற முடியுமான்னு தேடிட்டுத்தான் இருக்காங்க. ஒன் காலத்துல வரலாம்."

அவள் இன்னும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பஞ்சின் இடுக்குகளில் ரத்தம் சிவப்பும் நீலமுமாகப் புகுந்து புகுந்து வெளியே வந்தது. உன்னிடமிருந்து அவள் வாங்கிக்கொண்ட இடம் அது. நீ அதை உன் அம்மாவிடமிருந்தோ, அப்பாவிடமிருந்தோ வாங்கியிருக்கலாம். அவர்கள் யாரிடமிருந்து வாங்கினார்களோ. ஸ்ரீரங்கத்து நாலு தெருவுக்குள் பிறந்து, உயிரோடு இருந்து, போனவர்களின் கருவறைக் காலம் அந்தக் கறுப்புத் திரையில் துடித்துக்கொண்டிருந்தது. அவள் தானாகவே கையை நீட்டி என் விரலைப் பிடித்துக்கொண்டாள். இன்னும் என்னை மன்னிக்கவில்லை என்று நினைக்கிறேன். ஆனாலும் பிடித்துக்கொண்டாள்.

நீ இல்லாத இந்த உலகத்தில் எனக்கென்று ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவள் வருவாள், நான் எடுப்பேன். அவள் இதயம் என்றைக்காவது ஒருநாள் எழுதத் தொடங்கலாம், எழுதாமலே போகலாம். எழுதினால் அந்த முதல் துண்டு என் கைக்குத்தான் வரும். அன்று அவளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டுத்தான் கருவியில் என்ன கோளாறு என்று பார்க்கப் போவேன்.